ஒரே பெயர், பல மனிதர்கள்: ‘லூயிஸ் கார்சியா’ என்று மட்டும் எழுதினால் அது யாரைக் குறிக்கும்?

நாணல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் வினாடி வினாவுக்கு இம்முறை கேள்விகளைத் தயாரித்தவன் நான். கால்பந்துச் சுற்றில், “அட்லெட்டிகோ மாட்ரிட் அணிக்கும் மெக்சிகோவின் பூமாஸ் அணிக்கும் ஆடிய லூயிஸ் கார்சியா எந்த நாட்டவர்?” என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். என் குறிப்பேட்டில் இருந்த விடை மெக்சிகோ. ஒரு போட்டியாளர் சற்றும் தயங்காமல் “ஸ்பெயின்” என்றார். தவறு என்று சொல்லி அடுத்தவரிடம் கேள்வியைத் தள்ளிவிட்டேன். அவர் “மெக்சிகோ” என்று சொல்லி மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டார்.

இரவு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் விடை சொன்ன இருவருமே சரியாகச் சொன்னவர்கள் என்றும், தவறு செய்தவன் நான் ஒருவனே என்றும் தெரிந்தது. லூயிஸ் கார்சியா என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அந்த இருவருமே அட்லெட்டிகோவுக்கும் பூமாஸுக்கும் ஆடியிருக்கிறார்கள். இன்னும் தேடியபோது ஒரு கவிஞர், ஒரு திரைப்பட இயக்குநர், ஒரு சர்வாதிகாரி, சில பேஸ்பால் வீரர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. இவர்களைத் தமிழில் எழுதும்போது எப்படிப் பிரித்துக் காட்டுவது, ஸ்பானிய மொழிக்காரர்கள் தங்களுக்குள் எப்படிப் பிரித்து அறிகிறார்கள் என்பதுதான் என் ஐயம். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோல்கம்பம்

நாணல், உங்கள் கேள்வி தற்செயலாக அமைந்த ஓர் அருமையான பொறி. அந்த இருவரைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவர் லூயிஸ் கார்சியா போஸ்டிகோ, 1969இல் பிறந்த மெக்சிகோக்காரர். பூமாஸ் அணி 1990-91 பருவத்தில் மெக்சிகோ லீக்கை வென்றபோது அதன் முன்கள வீரர். 1992இல் அட்லெட்டிகோ மாட்ரிட் சென்று இரண்டு பருவங்கள் ஆடினார். 1994 உலகக் கோப்பையில் ஆர்லாண்டோவின் கொளுத்தும் வெயிலில் அயர்லாந்தை மெக்சிகோ 2-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் அடித்தவர் இவரே. பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளராக மெக்சிகோவில் இன்னும் பெரிய புகழ் பெற்றார்.

இளையவர் லூயிஸ் கார்சியா சான்ஸ், பார்சலோனாவை ஒட்டிய படலோனாவில் 1978இல் பிறந்தவர். நம்மில் பெரும்பாலோர் “லூயிஸ் கார்சியா” என்றதும் நினைப்பது இவரைத்தான். 2005 மே 3 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் செல்சி அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் நான்காவது நிமிடத்தில் இவர் தட்டிய பந்து கோல்கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. செல்சியின் பயிற்சியாளர் மொரினியோ அதற்குச் சூட்டிய “பேய் கோல்” என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. லிவர்பூல் அதன்பின் இஸ்தான்புல்லில் கோப்பையை வென்றது எல்லோருக்கும் தெரியும். இவர் லிவர்பூலுக்கு முன்பும் பின்பும் அட்லெட்டிகோவில் ஆடியிருக்கிறார். கடைசிக் காலத்தில் மெக்சிகோ சென்று பூமாஸிலும் ஆடினார். ஓய்வை அறிவித்த பிறகு 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்துக்காகத் திரும்பி வந்து, அட்லெட்டிகோ டி கொல்கத்தாவின் நட்சத்திர வீரராக ஆடினார். அந்த ஆண்டு கோப்பை கொல்கத்தாவுக்கே கிடைத்தது.

இன்னொரு வேடிக்கை உண்டு. அயர்லாந்துக்கு எதிராகப் போஸ்டிகோ இரண்டு கோல் அடித்த நாள் 1994 ஜூன் 24. சான்ஸ் பிறந்த தேதியும் ஜூன் 24. அன்றைக்குத் தன் பதினாறாவது பிறந்த நாளைக் கொண்டாடிய அந்தப் பையன், தன் பெயருடைய ஒருவர் உலகக் கோப்பையில் கோல் அடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பழைய நூலகன்

முப்பது ஆண்டுகள் நூலகத்தில் அட்டவணை எழுதியவன் என்ற முறையில் இந்த இழையைக் கண்டதும் கை பரபரத்தது. நாணலின் இரண்டாவது கேள்விக்கான விடை கோல்கம்பத்தின் பதிவிலேயே இருக்கிறது. போஸ்டிகோ, சான்ஸ் என்று அவர் எழுதிய கடைசிச் சொற்கள்தாம் அந்த விடை.

ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. முதலில் வருவது தந்தையின் முதற்குடும்பப் பெயர், அடுத்து வருவது தாயின் முதற்குடும்பப் பெயர். திருமணமானாலும் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை என்பதால், பிள்ளையின் பெயரைப் பார்த்தாலே இரு வீட்டாரும் யார் என்று தெரிந்துவிடும். லூயிஸ் என்பது சூட்டிய பெயர், கார்சியா தந்தை வழி, சான்ஸ் தாய் வழி. ஸ்பெயினில் 1871இல் குடிமைப் பதிவேடு நடைமுறைக்கு வந்தபோது இவ்வழக்கம் அரசின் விதியாகவே ஆனது. தந்தை பெயர்தான் முதலில் வரவேண்டும் என்ற கட்டாயம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்ந்தது. 2017 முதல் எந்தப் பெயர் முதலில் என்பதைப் பெற்றோரே முடிவு செய்து எழுதித் தரவேண்டும்.

இதில் கார்சியா என்ற பெயரின் சிக்கலைக் கவனிக்க வேண்டும். ஸ்பெயினில் மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப் பெயர் இதுவே. அதை முதற்குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். லூயிஸ் என்பதும் எங்கும் காணும் பெயர். எனவே “லூயிஸ் கார்சியா” என்று நிறுத்திக்கொள்வது அந்த ஊரில் கூட்டத்துக்குள் நின்று “டேய் தம்பி” என்று கூப்பிடுவதைப் போன்றது, பலரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் பெயர்தான் ஆளை அடையாளம் காட்டுகிறது. அதை வெட்டி எறிவது பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்தித்தாள்கள். நாம் அவர்களைப் படித்து எழுதுவதால் அந்தக் குறை நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

மிகப் பொதுவான முதற்குடும்பப் பெயர் அமைந்துவிட்டால், ஸ்பானிய மக்கள் சில சமயம் அதை விட்டுவிட்டு இரண்டாம் பெயராலேயே அழைப்பதும் உண்டு. கவிஞர் ஃபெடெரிகோ கார்சியா லோர்கா வெறும் லோர்கா ஆனார். பிரதமராக இருந்த ஹோசே லூயிஸ் ரொட்ரிகஸ் சபதேரோ வெறும் சபதேரோ ஆனார். பாப்லோ ரூயிஸ் பிகாசோ யார் என்று சொல்லத் தேவையில்லை.

எழில்

ஐயா, ஒரு குறுக்குக் கேள்வி. லோர்கா என்று அழைப்பது சரி என்றால், நாவலாசிரியர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸை நாம் தமிழில் பல ஆண்டுகளாக “மார்க்வெஸ்” என்று எழுதி வருவதும் சரிதானே? என் சேகரிப்பில் இருக்கும் சிற்றிதழ்க் கட்டுரைகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை ஸ்பானியம் படித்த நண்பர் ஒருவர் அது பிழை என்று கடிந்துகொண்டார்.

பழைய நூலகன்

எழில், உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. எந்தப் பெயர் தனியே நிற்கும் என்பதை விதி தீர்மானிப்பதில்லை, அந்த நாட்டவரின் வாய்வழக்கே தீர்மானிக்கிறது. ஸ்பானிய மொழியில் லோர்கா என்று தனியே சொல்வார்கள், ஆனால் மார்க்வெஸ் என்று தனியே சொல்ல மாட்டார்கள். “கார்சியா மார்க்வெஸ்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள், அல்லது செல்லமாக “காபோ” என்பார்கள். நூலக அடுக்கிலும் அவர் ‘கா’ வரிசையில்தான் இருக்க வேண்டும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் அவருடைய நூல்களில் பாதி ‘மா’ வரிசையிலும் பாதி ‘கா’ வரிசையிலும் கிடந்தன. அதைச் சரிசெய்யவே ஒரு வாரம் பிடித்தது.

இவர் பெயரில் இன்னொரு நுட்பமும் உண்டு. இவருடைய தந்தை கப்ரியேல் எலிகியோ கார்சியா திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர் என்பதால், தம் தந்தையின் மார்த்தினெஸ் என்ற பெயரைப் பெறாமல் தம் தாயின் கார்சியா என்ற பெயரையே தாங்கினார். ஆகவே உலகம் அறிந்த அந்தக் ‘கார்சியா’ ஒரு பாட்டி வழியாக வந்தது. ஊர் வழக்கப்படி எல்லாம் நடந்திருந்தால் நாம் படித்துக்கொண்டிருப்பது மார்த்தினெஸ் மார்க்வெஸ் என்ற எழுத்தாளரை.

தென்முனை

கால்பந்தும் இலக்கியமும் ஒரு பக்கம் இருக்கட்டும். நாணல் தொடக்கத்தில் ஒரே சொல்லில் கடந்து சென்ற அந்தச் சர்வாதிகாரியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் பெயர்க் குழப்பம் வெறும் வேடிக்கையாக நின்றுவிடாத இடம் அதுதான்.

தளபதி லூயிஸ் கார்சியா மேசா 1980 ஜூலை 17 அன்று பொலிவியாவில் இடைக்கால அதிபராக இருந்த லிடியா கெய்லரைக் கவிழ்த்து ஆட்சியைக் கைப்பற்றினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அங்கே பொதுத்தேர்தல் நடந்திருந்தது. கொக்கெய்ன் கடத்தல்காரர்களின் பணமும் ஆதரவும் பின்னால் இருந்ததால் அது “கொக்கெய்ன் புரட்சி” என்றே வரலாற்றில் பதிவாயிற்று. பொலிவியாவில் ஒளிந்து வாழ்ந்த நாஜிக் குற்றவாளி கிளாவுஸ் பார்பியும் அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர். அன்றைய தினமே சோசலிசத் தலைவர் மார்செலோ கிரோகா சாந்தா குரூஸ் லா பாஸ் நகரில் சுடப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படவே இல்லை. கார்சியா மேசாவின் ஆட்சி 1981 ஆகஸ்ட் வரை, சற்றேறக்குறைய ஓராண்டு மட்டுமே நீடித்தது என்றாலும், அந்த ஓராண்டில் நடந்த கொலைகளும் காணாமற்போனோரின் கணக்கும் அந்நாட்டில் இன்றும் ஆறாத புண்.

1993இல் பொலிவிய உச்ச நீதிமன்றம் அவர் நேரில் இல்லாத நிலையிலேயே 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பிரேசிலில் பிடிபட்டு 1995இல் ஒப்படைக்கப்பட்ட அவர், லா பாஸுக்கு அருகிலுள்ள சோன்சோகோரோ சிறையில் அடைக்கப்பட்டார். 2018 ஏப்ரலில் இறந்தார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அதே 2018இல், ஜூலை மாதத்தில், கவிஞர் லூயிஸ் கார்சியா மோந்தேரோ ஸ்பானிய மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார். ஓராண்டின் செய்திகளைத் தொகுக்கும் ஒருவர் இரண்டாம் பெயரை விட்டுவிட்டால், “லூயிஸ் கார்சியா ஏப்ரலில் இறந்தார், ஜூலையில் பதவி ஏற்றார்” என்று எழுதும் நிலை வரும். அது நகைப்புக்குரிய பிழை மட்டுமன்று. கொலைக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் நிழல், தனிமனித வாழ்வின் சின்னச் சின்ன உணர்வுகளை எளிய மொழியில் எழுதும் ஒரு கவிஞர் மேல் விழுந்துவிடும்.

நாணல்

தென்முனை, நன்றி. நான் அவரை ஒரே சொல்லில் கடந்து சென்றிருக்கக் கூடாது. கவிஞரைப் பற்றியும் யாராவது எழுதினால் மகிழ்வேன்.

எழில்

கவிஞரைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். 1958இல் கிரனாடாவில் பிறந்தவர், லோர்காவின் மண்ணைச் சேர்ந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் கிரனாடாவில் சில இளங்கவிஞர்கள் சேர்ந்து “வேறொரு உணர்வுநிலை” என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கவிதை என்பது வானத்திலிருந்து இறங்கும் அருளன்று, அன்றாட வாழ்விலும் வரலாற்றிலும் வேர்விட்ட ஒன்று என்பது அவர்களுடைய நிலைப்பாடு. கார்சியா மோந்தேரோ 1995இல் தேசியக் கவிதைப் பரிசைப் பெற்றார். நாவலாசிரியர் அல்முதேனா கிராந்தெஸ் இவருடைய மனைவி, 2021இல் மறைந்தார். அந்த இழப்பைக் குறித்து அவர் பின்னர் எழுதிய கவிதைகளில் சிலவற்றை ஆங்கிலம் வழியாகப் படித்தபோது, அவற்றைத் தமிழில் யாராவது கொண்டுவர மாட்டார்களா என்று ஏங்கினேன்.

இயக்குநர் பெர்லாங்காவையும் மறந்துவிட வேண்டாம். முழுப்பெயர் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா. 1921இல் வாலென்சியாவில் பிறந்து 2010இல் மறைந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் குடியரசுத் தரப்பு அரசியல்வாதியான அவர் தந்தைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தபோது, அவரைக் காப்பாற்ற உதவும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே, ரஷ்யப் போர்முனைக்குச் சென்ற ஸ்பானியத் தன்னார்வப் படையில் சேர்ந்தவர் இவர். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் தணிக்கைக் கண்ணுக்கு எதிரிலேயே, அமெரிக்க உதவியை எதிர்பார்த்து வேடம் கட்டிக் காத்திருக்கும் ஒரு சிற்றூரை வைத்து அவர் எடுத்த படம் 1953இல் கான் விழாவுக்குச் சென்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, அவலமும் சிரிப்பும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும் அவருடைய பாணியைக் குறிக்க “பெர்லாங்கியானோ” என்ற சொல் உருவாகி, 2020இல் ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியிலும் இடம்பெற்றது. அகராதிக்குள் போன சொல் கார்சியாவிலிருந்து பிறக்கவில்லை, பெர்லாங்காவிலிருந்து பிறந்தது. நூலகன் ஐயா சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? அவருடைய தாய் வழிப் பெயர் அகராதியிலேயே நிலைத்துவிட்டது.

பழைய நூலகன்

எழில், கடைசி வரி மட்டும் சரியன்று. பிழைக்குக் காரணம் நானே, ஏனெனில் என் முந்தைய பதிவில் இரண்டாம் பெயர் எப்போதும் தாயுடையது என்ற தோற்றத்தைத் தந்துவிட்டேன்.

பெர்லாங்காவின் முழுப்பெயர் லூயிஸ் கார்சியா-பெர்லாங்கா மார்த்தி. இங்கே தாய் வழிப் பெயர் மார்த்தி. கார்சியாவும் பெர்லாங்காவும் முந்தைய தலைமுறையிலேயே ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஒரே குடும்பப் பெயராகத் தந்தை வழி வந்தவை. கார்சியா என்பது கூட்டத்தில் காணாமல் போய்விடும் பெயர் என்பதால், சற்று அரிதான இரண்டாம் பெயர் அடுத்த தலைமுறையில் அறுந்து போகாமலிருக்க இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும் வழக்கம் உண்டு.

தென்முனை எழுதிய தளபதியும் இதே வகை. அவர் முழுப்பெயர் லூயிஸ் கார்சியா மேசா தேஹாதா. மூன்றாவதாக வரும் தேஹாதாவே தாய் வழிப் பெயர். ஆனால் நாணல் தொகுக்கும் கால்பந்துக்காரர்களான சான்ஸ், போஸ்டிகோ ஆகியோருக்கு இரண்டாவதாக வருவதே தாய் வழிப் பெயர். எனவே பெயரைக் கண்ணால் பார்த்த மட்டில் எது தாயுடையது என்று சொல்லிவிட முடியாது.

இதில் எனக்குப் பிடித்த முரண் வேறொன்று. கவிஞர் தலைமை தாங்கும் நிறுவனத்துக்குப் பெயர் தந்த மிகுவெல் தெ செர்வாந்தெஸ் சாவேத்ராவின் தாயார் பெயர் லியோனோர் தெ கோர்தினாஸ். சாவேத்ரா என்பது தாயிடமிருந்து வந்ததே அன்று, தம் உறவுமுறையில் எங்கோ இருந்த ஒரு பெயரை அவரே எடுத்துச் சூட்டிக்கொண்டார். பதிவேடு வந்து கட்டிப்போடும் முன் மக்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டன் பாட்டி பெயர்களை எடுத்துப் புழங்கியிருக்கிறார்கள்.

மொழிக்கிறுக்கன்

ஒரு யோசனையை முன்வைக்கிறேன். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இப்பெயரின் நடுவிலுள்ள மெய்யை நாக்கைப் பல்லிடையில் வைத்து, நம் காதுக்குக் “கார்த்தீயா” என்று கேட்கும்படி ஒலிக்கிறார்கள். லத்தீன் அமெரிக்கா முழுவதிலும் “கார்சீயா” என்றே ஒலிக்கிறார்கள். தமிழ் எழுத்து இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வல்லது. ஸ்பெயின்காரரைக் கார்த்தியா என்றும் அமெரிக்கக் கண்டத்தவரைக் கார்சியா என்றும் எழுதினால், ஆங்கிலத்தால் செய்ய முடியாத ஒரு வேறுபாட்டை நம்மால் செய்ய முடியும் அல்லவா?

கோல்கம்பம்

யோசனை அழகாக இருக்கிறது, ஆனால் நடைமுறையில் கவிழ்ந்துவிடும். படலோனாக்காரரான சான்ஸ், மாட்ரிட்டில் ஆடியபோது கார்த்தியா, பூமாஸில் ஆடியபோது மெக்சிகோ வர்ணனையாளர்கள் வாயில் கார்சியா. போஸ்டிகோவுக்கு நேர் எதிர்த்திசையில் அதே மாற்றம் நிகழ்ந்தது. ஒரே ஆளைப் பருவத்துக்குப் பருவம் வேறு எழுத்தில் எழுத வேண்டியிருக்கும். ஸ்பெயினுக்குள்ளேயே கனாரித் தீவுகளிலும் அந்தலூசியாவின் பல பகுதிகளிலும் ‘ஸ’ ஒலிதான். இது ஆளைப் பிரிக்கும் வேறுபாடன்று, பேசுபவரின் ஊரைக் காட்டும் வேறுபாடு.

மொழிக்கிறுக்கன்

ஏற்றுக்கொள்கிறேன். யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஆனால் மனமில்லாமல்தான்.

முத்துக்குளி

தூத்துக்குடிப் பக்கத்தவன் என்பதால் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறேன். எங்கள் ஊரின் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ போன்ற பெயர்களைப் பார்த்துவிட்டு இவையும் ஸ்பானியப் பெயர்களா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. அவை 16ஆம் நூற்றாண்டில் பரதவர்கள் கிறித்தவம் தழுவியபோது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தவை. ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், ஃபெர்னாந்தோவின் மகன் ஃபெர்னாந்தெஸ் என்று மகனைக் குறிக்கும் ஈறு இரு மொழிகளுக்கும் பொதுவானது, எழுத்தில் மட்டும் இறுதி மெய் வேறுபடும். போர்ச்சுக்கீசிய வழக்கில் பெயர்களின் வரிசையும் தலைகீழ். தாய் பெயர் முன்னால் வரும், தந்தை பெயர் கடைசியில் வரும். ஆகவே இங்கே சொன்ன விதியைப் பிரேசில்காரர் ஒருவருக்குப் பொருத்தினால் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்.

கார்சியா மட்டும் இந்த ஈற்றுக் குடும்பத்தில் சேராது. அது பாஸ்க் மொழி வேரிலிருந்து வந்த பழைய ஆட்பெயர் என்று கருதுகிறார்கள். கரடி என்று சிலரும், இளையவன் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள்.

வடகரை

அமெரிக்காவின் டெக்சாஸில் வசிக்கிறேன். இரண்டாம் பெயரை வெட்டினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் இங்குள்ள பேஸ்பாலைப் பாருங்கள். 2021இல் ஒரே பருவத்தில் மூன்று லூயிஸ் கார்சியாக்கள் இங்குள்ள உயர்மட்டப் போட்டியான பெரிய லீக்கில் ஆடினார்கள். வெனிசுவேலாவில் பிறந்து ஹியூஸ்டனுக்குப் பந்து வீசியவர் ஒருவர். டொமினிக்கன் குடியரசில் பிறந்து செயின்ட் லூயிஸுக்குப் பந்து வீசியவர் இன்னொருவர். நியூயார்க்கில் பிறந்து வாஷிங்டனுக்கு ஆடியவர் மூன்றாமவர்.

எங்கள் ஹியூஸ்டன்காரர் அப்போதெல்லாம் பந்து வீசும் முன் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இரு கைகளையும் அசைத்து வந்தார். அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தத் தாலாட்டே போதும், முதுகிலுள்ள பெயரை யாரும் படித்ததில்லை. வாஷிங்டன்காரர் 2020இல் அறிமுகமானபோது, இரண்டாயிரத்துக்குப் பின் பிறந்து பெரிய லீக்கில் ஹோம் ரன் அடித்த முதல் ஆள் என்ற பெருமையைப் பெற்றார். அவருடைய தந்தையும் அதே பெயருடன் பெரிய லீக்கில் ஆடியவர் என்பதால், இப்போது மகன் பெயருக்குப் பின்னால் “ஜூனியர்” சேர்த்துவிட்டார்கள். தாயின் பெயர் செய்திருக்க வேண்டிய வேலையை இந்த ஊர் “ஜூனியர்” என்ற ஒட்டை வைத்துச் செய்துகொள்கிறது.

கோல்கம்பம்

கால்பந்திலும் பட்டியல் முடியவில்லை. லூயிஸ் கார்சியா ஃபெர்னாந்தெஸ், 1981இல் ஓவியேதோவில் பிறந்தவர், பார்சலோனாவின் இன்னொரு அணியான எஸ்பான்யோலின் முன்கள வீரர். 2007 யூஃபா கோப்பை இறுதியாட்டத்தில் செவிய்யாவிடம் எஸ்பான்யோல் பெனால்டியில் தோற்றபோது தடுக்கப்பட்ட உதைகளில் ஒன்று இவருடையது. பிறகு பயிற்சியாளர் லூயிஸ் கார்சியா பிளாசா, மாட்ரிட்காரர். லெவாந்தே, மயோர்கா, அலாவெஸ் ஆகிய மூன்று அணிகளையும் முதல் டிவிஷனுக்கு உயர்த்தியவர். 2010-11 பருவத்தில் ஒருவர் எஸ்பான்யோலில் ஆட, மற்றவர் லெவாந்தேக்குப் பயிற்சி அளிக்க, இருவரும் ஒரே டிவிஷனில் இருந்தார்கள். அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டத்துக்கு “லூயிஸ் கார்சியாவின் அணி வென்றது” என்று தலைப்பு வைத்தால் எந்த அணி வென்றாலும் அது பொருந்தும்.

நாணல்

எல்லோருக்கும் நன்றி. இனி நான் எழுதும் குறிப்புகளில் ஸ்பானிய மொழி நாட்டவரின் இரு குடும்பப் பெயர்களையும் முதல் இடத்தில் முழுமையாகக் கொடுத்துவிட்டு, அதன்பின் அவரவர் ஊரில் வழங்கும் சுருக்கத்தைப் பயன்படுத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். பிழையான கேள்விக்காக அந்தப் போட்டியாளரை அழைத்து மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவருக்கும் உரிய மதிப்பெண் சேர்க்கப்பட்டது.

அடுத்த மாதத்துக்காகக் கேள்வியைத் திருத்தியும் எழுதிவிட்டேன்: “ஸ்பெயின் தேசிய அணிக்கு ஆடிய லூயிஸ் கார்சியா பிறந்த ஊர் எது?” இதில் மெக்சிகோக்காரர் வரமாட்டார் அல்லவா?

கோல்கம்பம்

மெக்சிகோக்காரர் வரமாட்டார். ஆனால் படலோனாவில் பிறந்த சான்ஸும் ஸ்பெயினுக்கு ஆடியிருக்கிறார், ஓவியேதோவில் பிறந்த ஃபெர்னாந்தெஸும் ஆடியிருக்கிறார்.

நாணல்

கேள்வியை நீக்கிவிட்டேன். பேஸ்பாலில் ஏதாவது கேட்டுக்கொள்கிறேன்.

வடகரை

வேண்டாம்.